பெயரா, கட்டளையா?

திருநள்ளாறு கோயில் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பக்தர்களிடம் பணம் வசூலித்த வழக்கில் காரைக்கால் போலீசார் 2025இல் கைது நடவடிக்கை எடுத்தார்கள். உங்கள் உண்மையான தளத்தில் ஓட்டை இருந்தால், போலியாக ஒன்று கட்டும் சிரமம்கூட மோசடிக்காரர்களுக்கு மிச்சம். சனிப்பெயர்ச்சிக்கு அறை பதியும் தளமோ, மாங்கனித் திருவிழாப் படங்களை வாங்கிப் போடும் தளமோ, வெளியார் எழுதவும் ஏற்றவும் இடம் கொடுத்தால் இந்த வேலைகளைச் செய்துவிடுங்கள்.

முதலில் தரவுத்தளம். உங்கள் படிவத்தில் டி'குரூஸ் என்று, நடுவில் உள்ள மேற்கோள் குறியோடு பதிந்து பாருங்கள். கடலோர ஊர்களில் சாதாரணமாக உள்ள பெயர்தான். பிழைச் செய்தி வந்தால் உஷாராகுங்கள்: பெயர் அந்தக் குறியோடு முடிந்தது என்றும், மீதி எஸ்.க்யூ.எல். கட்டளை என்றும் தளம் நினைத்துக்கொள்கிறது. அந்த மீதியில் யாராவது தன் கட்டளையை எழுதினால் முன்பதிவுப் பட்டியலே பறிபோகலாம். குறியை நீக்கிவிட்டால் போதும் என்பார்கள் சிலர். வந்தவர் பெயரைக் கெடுக்க நமக்கென்ன உரிமை? கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' முறைக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள், தேடல் பெட்டி உட்பட.

அடுத்தது சரிபார்ப்பு. நட்சத்திரம் 27, ராசி 12. பட்டியலில் இல்லாதது வந்தால் சர்வரிலேயே மறுத்துவிடுங்கள். பிரவுசரில் வைக்கும் தடையை எவரும் தாண்டலாம். ஆனால் பெயருக்கு இந்தக் கண்டிப்பு ஆகாது. 'எழுத்து மட்டும்' என்று விதி போட்டால் 'குமார்' என்பவரே உள்ளே வர முடியாமல் போகும்; புள்ளியையும் துணைக்காலையும் யூனிகோட் எழுத்து வகையில் சேர்க்காமல் தனிக் குறி வகையில் வைத்திருக்கிறது.

பிறகு, திரையில் காட்டும் இடம். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒருவர் தன் பக்கத்தில் ஒளித்துவைத்த நிரல், ஒரே நாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுக்குப் பரவியது. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தளம் தடுத்துத்தான் வைத்திருந்தது. அவர் அதை இரண்டு வரியாக உடைத்து எழுதினார், வேலை முடிந்தது. ஆகவே கெட்ட சொல் வேட்டையை விடுங்கள். பயனர் தந்த எதையும் பக்கத்தில் காட்டும்போது கோணக் குறிகளையும் மேற்கோள் குறிகளையும் எச்.டி.எம்.எல். மாற்றுக் குறியீடுகளாக்கிவிடுங்கள். லாகின் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். வேறு தளம் பயனர் பெயரில் போலியாகப் படிவம் அனுப்பாதபடி, ஒவ்வொரு படிவத்துக்கும் ரகசிய டோக்கன் வேண்டும்.

படங்கள்: அனுப்பியவர் வைத்த கோப்புப் பெயரை எறிந்துவிட்டுப் புதுப்பெயர் கொடுங்கள், அளவுக்கு வரம்பு வையுங்கள். ஜி.பி.எஸ். முதலான விவரங்களை நீக்கி ஜேபிஜியாக மறுபடி சேமியுங்கள். நிரலைச் சுமந்து வரக்கூடிய எஸ்.வி.ஜி. வேண்டாம். சேமிக்கும் ஃபோல்டரில் எந்த நிரலும் ஓடக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது நுழைந்துவிட்டால், துடைக்கும் அவசரத்தில் லாக் பதிவுகளை அழிக்காதீர்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் பதிவுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். வாடிக்கையாளர் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.