செக்ரோலைப் படிக்கும் நிரல்

ஹட்டன்

அன்புள்ள தம்பிக்கு,

கொழுந்து மடுவத்தில் நிறுத்த நிறையைக் கையேட்டில் குறித்து, அதைத் திரும்பவும் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஏற்றி, மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கிற வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைத்தால் என்ன என்று நீ எண்ணியதும், அதற்கு ரஸ்ட் மொழியைத் தேர்ந்துகொண்டு, அம்மொழியில் ‘பார்சர் கொம்பினேட்டர்’ என்று வழங்கும் நூலகங்களைப் பற்றி விளக்கும்படி எனக்கு எழுதியதும் மிகுந்த சந்தோஷத்தை அளித்தன.

‘142, 18.5, முழுப்பேர்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அதன் பொருள் பார்த்த மாத்திரத்தில் புலப்படும்: 142ஆம் பதிவு எண்ணுக்குரிய தொழிலாளி 18.5 கிலோ கொழுந்து பறித்திருக்கிறார். அவருக்கு அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். கணினிக்கோ அது அர்த்தமற்ற பைட்டுகளின் அணிவகுப்பு. அதிலிருந்து எண்ணை எண்ணாகவும் பேரைப் பேராகவும் பிரித்தெடுத்துக் கொடுப்பதற்குப் பகுப்பான் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பகுப்பானை முழுவதும் கையால் எழுதலாம். அல்லது இலக்கண விதிகளைத் தனிக் கோப்பில் வகுத்து, அவற்றிலிருந்து பகுப்பானை உண்டாக்கும் கருவியொன்றின் துணையைக் கொள்ளலாம். முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுக் கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழிக்கும், கொழும்பில் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தார் வளர்த்து 2019இல் முதற் பதிப்பாக வெளியிட்ட ‘பாலரினா’ மொழிக்கும் பகுப்பானே தலைவாயில். பாலரினாவினர் தொடக்கத்தில் ஆன்ட்லர் என்னும் கருவியைக் கொண்டு பகுப்பானை ஆக்கிப் பின்னர் அதைக் கைவிட்டுத் தாமே எழுதிக்கொண்டார்கள். பெரிய மொழிகளுக்கு, பிழையுள்ள நிரலையும் சகித்துக்கொண்டு மேலே செல்ல வேண்டிய நிர்ப்பந்தம் இருப்பதால், கையால் எழுதிய பகுப்பானே பெரும்பாலும் நிலைக்கிறது என்பது என் அபிப்பிராயம். உன் செக்ரோலுக்கு அத்தனை பிரயாசை வேண்டியதில்லை.

நீ கேட்பது மூன்றாவது மார்க்கம்: சிறு பகுப்பான்களை இணைப்பான்களால் கோத்துப் பெரிய பகுப்பானை ஆக்குவது. வில்லியம் பேர்ஜ் 1975இல் ஒரு நூலில் விவரித்து, பிலிப் வாட்லர் 1985இலும் கிரஹாம் ஹட்டன் 1992இலும் தெளிவுபடுத்திய இந்த மார்க்கம், ஹாஸ்கல் மொழிக்காக எழுந்த ‘பார்செக்’ நூலகத்தினால் பரவலாகப் பிரசித்தி பெற்றது. ரஸ்ட்டின் முதற் பதிப்பு 2015ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. அம்மொழியில் இதைப் பயில்வோர் பெரிதும் நாடுவது ஜெஃப்ராய் கூப்ரி எழுதிய ‘நொம்’ என்னும் நூலகத்தை. 2019இன் ஐந்தாம் பதிப்புக்கு முன் அது மேக்ரோக்களால் ஆனது. பழைய பாடங்கள் கையில் அகப்பட்டால் விலக்கிவிடு.

இதில் பகுப்பான் என்பது ஒரு சிறு செயற்கூறு, அவ்வளவுதான். உள்ளீட்டைப் பெற்று, தான் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதையும் தான் கண்ட மதிப்பையும் சேர்த்துத் திருப்பித் தரும். இயலாவிட்டால் பிழையைத் தரும். இந்த ஒரே நியதிக்கு எல்லாம் கட்டுப்பட்டிருப்பதனால்தான், இலக்கங்களைப் படிக்கும் பகுப்பானையும் காற்புள்ளியைப் படிக்கும் பகுப்பானையும் அடுத்தடுத்து இணைத்தால் கிடைப்பதும் ஒரு பகுப்பானாகவே இருக்கிறது; இப்படியே ஒரு முழு வரிக்கும் அமைத்து, அதைப் பலமுறை இயக்கு என்று நொமின் ‘மெனி0’ என்னும் இணைப்பானிடம் ஒப்படைத்தால் முழுக் கோப்பையும் படிக்கும் பகுப்பான் பிறக்கிறது. ரஸ்ட்டின் விசேஷம் இன்னொன்று: பிரித்தெடுத்த துண்டுகள் மூல எழுத்தின் பிரதிகள் அல்ல, அதே நினைவகத்தைச் சுட்டுபவை, மூலம் அழிந்த பின்னரும் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்க முயன்றால் தொகுப்பி உன் நிரலை ஏற்றுக்கொள்ளாது.

‘ஆல்ட்’ என்னும் இணைப்பான் கொடுத்த வரிசைப்படியே ஒவ்வொன்றாக முயன்று, முதலில் வென்றதோடு திருப்தி அடைந்துவிடும். ஒரு கணக்கப்பிள்ளை ‘அரை’ என்றும் மற்றொருவர் ‘அரைப்பேர்’ என்றும் எழுதுவதால் இரண்டையும் ஏற்க விரும்பி ‘அரை’யை முன்னால் வைத்தாயானால், அது வெற்றி கண்டு, ‘ப்பேர்’ என்ற வால் உள்ளீட்டில் தொங்கி நிற்க, வரி முடியவில்லையே என்று சம்பந்தமில்லாத இடத்தில் பிழை முளைக்கும். ஆகவே நீண்டதை முன்னும் குறுகியதைப் பின்னும் வை. பதிவு எண்ணும் கிலோவும் சரியாக அமைந்து பேர் மட்டும் தவறியிருந்தால், வேறு வழிகளைத் தேடாமல் அவ்விடத்திலேயே நிறுத்து என்று சொல்ல ‘கட்’ என்பது உண்டு. அதைச் சேர்க்காவிட்டால் ‘மெனி0’ தவறான வரியைக் கண்டதும், அதுவரை படித்தவற்றைச் சாதுவாகத் திருப்பித் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். எஞ்சியது வெறுமைதானா என்று நீ பார்க்காவிட்டால், பாதிப் பேருடைய கணக்கு காணாமற் போனதை அறிய மாட்டாய்.

தமிழ் எழுத்து விஷயத்தில்தான் உனக்கு அதிக எச்சரிக்கை வேண்டும். ‘கொழுந்து’ என்பதில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள். யூனிகோடில் எட்டுக் குறிகள். ரஸ்ட் அதை வைத்திருக்கும் யூ.டி.எஃப்-8 வடிவில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று வீதம், 24 பைட்டுகள். ஒரு பைட்டை மட்டும் வெட்டியெடுக்க முற்பட்டால் நிரல் இயங்கும்போதே நின்றுவிடும். ‘டேக்(1)’ என்று நொமைக் கேட்டால், ‘கொ’ கிடைக்காது. ககரம் மட்டும் கிடைத்து, ஒகரக் குறி அநாதையாக எஞ்சும். அதைவிட நுட்பமான இடையூறு, அந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுத யூனிகோட் இடம் தருவது: பின்னதில் அதே சொல் 27 பைட்டுகளாகிவிடும், திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது, நிரல் மட்டும் இரண்டும் வேறென்று சாதிக்கும். எனவே பகுக்கத் தொடங்குமுன் உள்ளீடு முழுவதையும் என்.எஃப்.சி. என்னும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடு. எழுத்தெண்ணிக்கை தேவைப்படும் இடத்தில், பைத்தனில் ‘ஓப்பன் தமிழ்’ நூலகம் செய்வதைப் போலத் தமிழ் எழுத்தாகவே பிரித்து எண்ணு.

நூலகத்தின் ஆவணங்களை முதற் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்துவிடாதே. கிலோ எண்ணை மாத்திரம் படிக்கும் பகுப்பானை முதலில் எழுதி, ‘18’, ‘18.5’, ‘18.’ ஆகிய மூன்றையும் அதற்குக் கொடுத்துப் பார். மூன்றாவதற்கு அது என்ன விடை சொல்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்