சான்றுக்கு எண் இடுவது யார்?

மாணவர்களே! தமிழ் விக்கிப்பீடியாவில் கொட்டாரம் பேரூராட்சியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த செய்திக்குச் சான்று [1]. 2011 மக்கள்தொகைக்குச் சான்று [2]. இவ்வாறு கையால் எண்ணிட்டால் என்ன ஆகும்?

நாளை வேறொருவர் இடையில் புதிய சான்றைச் சேர்ப்பார். அதுவே [2] ஆகிவிடும். பழைய எண்ணை 3 என மாற்ற மறந்தால், மக்கள்தொகைக்கு வேறொரு நூல் சான்றாக நிற்கும்! படிப்பவர் எப்படிச் சரிபார்ப்பார்?

ஆகவே, சான்றின் விவரத்தை 'ரெஃப்' என்னும் குறிகளுக்கிடையே எழுதி, 'கணக்கெடுப்பு2011' என்பதுபோல் பெயரிடுங்கள். பெயர் வெறும் எண்ணாக இருக்கக் கூடாது. எண்களை மென்பொருளே வரிசையாக இடும். அதே சான்று மீண்டும் தேவைப்பட்டால் பெயரை மட்டும் குறித்தால் போதும். எண் மாறலாம், பெயர் சான்றை விட்டு விலகாது.