மங்குப் பாலும் தங்கத் துகளும்

கேள்வி: நானோ மருத்துவம் என்கிறார்களே, அது சாதாரண மக்களின் கைக்கு வந்துவிட்டதா?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். தோட்டத்து மக்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. ரப்பர் மரம் சீவியதும் மங்கு என்னும் கிண்ணத்தில் இறங்கும் பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களில் பல 100 நானோமீட்டரை ஒட்டியவை. அவற்றின் மேல் படர்ந்த புரதமும் கொழுப்பும் தாங்கும் மின்னேற்றம், ஒன்றையொன்று ஒட்டவிடாமல் தள்ளிவைக்கிறது. ஸ்டோரில் ஆசிட் ஊற்றியதும் மின்னேற்றம் தணிந்து பால் உறைந்துவிடும். மருத்துவத்துக்கான துகள்களும் இப்படித்தான்: திரளாமல் மிதந்தால்தான் பயன்.

கோவிட் காலத்தில் ஈப்போ வீடுகளில் பயன்பட்ட சுயபரிசோதனைக் கருவிகள் பலவற்றில், சிவப்புக் கோடாகத் தெரிந்தது தங்கம். நானோ அளவில் தங்கம் மஞ்சளாக இராது. பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பாகத் தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இந்தச் செந்நிறக் கரைசலை ஆராய்ந்தார்.

இதே தங்கத்தைக் கொண்டு மலேசியாவிலேயே உருவானது, யானைக்கால் நோய்க்கான 'புரூகியா ரேப்பிட்' கருவி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரஹ்மா நோர்டின் குழு இதை வடிவமைத்தது. இந்நோயின் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் இரத்தத்தில் நடமாடும் என்பதால், முன்பு சுகாதார ஊழியர்கள் இருட்டிய பிறகு வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. கருவியோ புழுவைத் தேடுவதில்லை. புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது இருந்தால் தங்கத் துகள்கள் பரிசோதனைக் கோட்டில் வந்து தங்கும். பகலில் எடுத்த இரத்தமே போதும், அரை மணிக்குள் முடிவு தெரியும். நுண்ணோக்கியும் ஆய்வகமும் இல்லாத இடத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சிகிச்சையிலும் நானோ வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் மலேசியாவில் போடத் தொடங்கிய ஃபைசர் தடுப்பூசி, எளிதில் சிதையும் ஆர்என்ஏவைக் கொழுப்பு நானோ துகளுக்குள் பொதிந்து உயிரணுவுக்குள் சேர்த்தது. டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழில் அடைத்த வடிவம் அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்றது. இதயத்துக்கு அந்த மருந்தால் வரும் பாதிப்பு இதனால் குறைந்தது. ஆனால் கை, கால் தோலில் எரிச்சலும் புண்ணும் கூடுதலாக வந்தன.

'நானோ' என்று அச்சிட்டு விற்கும் எல்லாமே மருந்தல்ல. மலேசியாவில் பதிவான மருந்தின் உறையில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். வாங்கும் முன் அதைப் பாருங்கள்.