கை படும் முன் தண்ணீர் படட்டும்

கோயம்புத்தூர்

அன்புள்ள யாழினி,

நீயும் மாப்பிள்ளையும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கியிருப்பதாக உங்கப்பா போனில் சொன்னான். ஃபோர்டு இ-450 சேஸியின் மேல் கட்டிய வண்டி, 28 அடி நீளம் என்றான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரியே உன் செய்தியும் வந்தது: “பெரியப்பா, பெயின்ட் கீறாமல் கழுவ எந்த பிரஷ் வாங்கட்டும்?” பீனிக்ஸில் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் என்னிடம் கேட்டிருக்கிறாய். பிரஷ்ஷின் பெயரை ஒரே வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த பிரஷ்ஷை வைத்தே நீ வண்டியைக் கெடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பெயின்ட்டைக் கீறுவது மண். பிரஷ்ஷும் துணியும் அந்த மண்ணை அழுத்தி இழுக்கிற வேலையைத்தான் செய்கின்றன. நீ இருக்கிற அரிசோனா பாலைவனத்தின் தூசியில் குவார்ட்ஸ் துகள் ஏராளம். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடியே 5.5தான். பெயின்ட் அதற்கும் வெகு கீழே. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைப்பருவம். அப்போது வரும் ஹபூப் புழுதிப் புயலை நீயே பார்த்திருப்பாய். 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸை மூடிய புயலுக்குப் பிறகு ஊர் முழுக்க வண்டிகள் மண் நிறத்தில் நின்றன. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், காய்ந்த துணியால் பானட்டைத் துடைத்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தத் துணியை உப்புத்தாளாக மாற்றிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வண்டிகள்தான் பிறகு பாலிஷுக்காக எங்கள் ஷாப்புக்கு வந்து சேர்ந்தன.

பாலிஷ் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பாய். கீறல் மறையும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நிறத்துக்கு மேலே காவலாக இருக்கும் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் என்பது அந்தப் படலத்தைக் கீறலின் ஆழத்துக்குச் சீவி எடுப்பது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரையும். அது போனால் வெயில் நேரே நிறத்தின் மேல் விழும். அரிசோனா வெயிலில் பிறகு அதிக நாள் தாங்காது.

இப்போதே உன் வண்டியின் நிலைமையைத் தெரிந்துகொள். இருட்டியபின் பானட் பக்கத்தில் நின்று செல்போன் டார்ச்சை அதன்மேல் அடித்துப் பார். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தால் அவை கழுவும்போது விழுந்தவை. கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கின்றனவோ அவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

உன் வண்டிக்கு இரண்டு விதமான தோல் இருக்கிறது. ஓட்டுநர் அமரும் முன்பகுதி ஃபோர்டு செய்த இரும்புத் தகடு. அதன்மேல்தான் கிளியர் கோட். பின்னால் இருக்கும் வீட்டுப் பகுதி பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ்; அதன் வெளித்தோல் ஜெல்கோட். ஜெல்கோட் பல மடங்கு தடிமன், ஆனால் வெயிலில் மங்கும். காய்ந்த பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார். கையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை ஒட்டினால் அது அழுக்கு இல்லை, வெளுத்துப்போன ஜெல்கோட். எவ்வளவு கழுவினாலும் அது தீராது. அதற்குப் பாலிஷும் வாக்ஸும்தான் வழி. கழுவியே தீர்த்துவிடலாம் என்று அழுத்தித் தேய்த்து வீணாகக் களைத்துப்போகிறவர்கள் நிறைய. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வினைல் பட்டைகள் மூன்றாவது ரகம். பழைய வண்டியில் அவற்றின் ஓரங்கள் காய்ந்து கிளம்பியிருக்கும். அங்கே கை மெதுவாகப் போகட்டும்.

இனி வேலை. வெயிலில் கழுவாதே. அங்கே கோடையில் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடு. தகட்டைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடான தகட்டில் சோப்பு நீ அலசுவதற்கு முன்பே காய்ந்து படிந்துவிடும். வெளியே நீட்டும் அறைகளை உள்ளே இழுத்துவிடு. ஜன்னல், கூரைத் துவாரங்களை மூடிவிடு.

முதல் வேலை தண்ணீர் மட்டும். கையோ துணியோ எதுவும் படக் கூடாது. மேலிருந்து கீழாக, தண்ணீர் சரிவாகக் கீழ்நோக்கி விழும்படி, ஒவ்வொரு பகுதியிலும் நிதானமாக அடி. அவசரப்படுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் தோற்கிறார்கள். வெறும் தண்ணீர் எடுத்துச்செல்லும் ஒவ்வொரு துகளும் நீ தேய்க்க வேண்டியிராத துகள். மொத்த நேரத்தில் ஒரு நல்ல பங்கை இதற்குக் கொடு.

பிரஷர் வாஷர் இருந்தால் நல்லதுதான், கட்டுப்பாட்டோடு. நாசில்களுக்கு நிற அடையாளம் உண்டு: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. உனக்கு வெள்ளை மட்டும் போதும். சிவப்பை எடுத்து வேறெங்காவது ஒளித்து வை. 1,500 பிஎஸ்ஐக்கு மேல் போகாதே, இரண்டடி தூரமாவது தள்ளி நில். இந்த வண்டி ஒரே தகட்டில் அடித்ததல்ல. பல துண்டுகளைச் சேர்த்து, இடுக்குகளைச் சீலன்ட்டால் அடைத்திருக்கிறார்கள். அந்தச் சீலன்ட் ஓரத்திலும் ஜன்னல் ரப்பரிலும் வினைல் ஓரத்திலும் நேராக அடித்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். உள்ளே மரச்சட்டம் இருந்தால் அது ஊறும், வெளியே எதுவும் தெரியாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் காற்றுத் துவாரத்தைக் கீழிருந்து மேலாக ஒருபோதும் அடிக்காதே. அதன் தகடுகள் மேலிருந்து விழும் மழைக்காகச் சாய்த்து வைத்தவை.

அடுத்தது சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது வாக்ஸையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வண்டிக்கென்று விற்கும் நடுநிலை ஷாம்பு வாங்கு. நுரைத்துப்பாக்கி இருந்தால் நுரையை அடித்துச் சில நிமிடம் ஊறவிட்டு அலசு. அதுவே இன்னொரு பங்கு மண்ணை இறக்கிவிடும்.

இதற்குப் பிறகுதான் கை படலாம். இரண்டு வாளி எடுத்துக்கொள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைக்க வேண்டும்; கிரிட் கார்டு என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். நம் வீட்டில் அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்கிவிடுமே, அதே காரியத்தை அந்தத் தட்டு செய்கிறது: இறங்கிய மண் திரும்ப மேலே கிளம்பாது. ஸ்பாஞ்ச் வேண்டாம், அதன் தட்டையான முகத்தில் மண் அப்படியே நிற்கும். இழை நீண்ட மைக்ரோஃபைபர் கையுறை, அல்லது ஆட்டு ரோமக் கையுறை. இழை நீளமாக இருந்தால் துகள் உள்ளே போய்விடும், பெயின்ட்டுக்கும் அதற்கும் நடுவில் உருளாது.

கையுறையை ஷாம்புவில் முக்கி, ஒரு கதவின் அகலம் அளவுக்கு மட்டும் கழுவு. நேர்க்கோட்டில் இழு, வட்டமாகச் சுற்றாதே. தப்பித்தவறி ஒரு கீறல் விழுந்தாலும் நேர்க்கோடு கண்ணுக்கு அதிகம் தட்டாது. அழுத்தம் என்று எதுவும் வேண்டாம், ஈரக் கையுறையின் எடையே போதும். ஒரு பக்கம் முடிந்ததும் கையுறையைத் திருப்பு. இரண்டு பக்கமும் முடிந்ததும் முதலில் வெறும் தண்ணீர் வாளி. அடித்தட்டில் நன்றாகத் தேய்த்து அலசிப் பிழி. பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டு வாளி வைத்ததற்கே அர்த்தமில்லை.

நான்கைந்து முறை அலசியபின் அந்த வாளியைக் கொஞ்ச நேரம் அசையாமல் விடு. மேல்தண்ணீரைச் சாய்த்துவிட்டு அடியில் படிந்த பழுப்பு வண்டலை விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு உரசிப் பார். நெருநெருவென்று இருக்கும். நுரை அடித்து அலசியபிறகும் அவ்வளவு மிச்சம் இருந்திருக்கிறது. ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான். அதற்குப்பின் வாளித் தண்ணீரை மாற்றச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. உன் வண்டிக்கு ஒரு பக்கத்துக்கு ஒருமுறையாவது மாற்று. காரைக் கழுவுகிறவன் ஒரே தண்ணீரில் முடித்துவிடலாம். 28 அடிக்கு அது நடக்காது. கையுறை தரையில் விழுந்தால் எடுத்து ஓரமாகப் போட்டுவிடு. அன்றைக்கு அதன் வேலை முடிந்தது.

மேலிருந்து கீழே வரும்போது சக்கர வளைவு உயரத்தில் நிறுத்து. அதற்குக் கீழே தார், எண்ணெய், சாலை மண். அந்தப் பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனிக் கையுறை, தனி வாளி.

இப்போது நீ கேட்ட பிரஷ். உன் வண்டியின் உயரத்துக்குக் கையுறை மட்டும் போதாது, நீளும் கழி வேண்டும். கழியின் நுனியில் பன்றி ரோம பிரஷ் வைக்கலாம். விலை அதிகம், ஆனால் ரோமத்தின் நுனி இயற்கையிலேயே பிளந்து மென்மையாக இருக்கும். அடுத்தபடியாக, நுனி பிளந்த நைலான் பிரஷ். கடையில் நுனியை உன் கன்னத்தில் தேய்த்துப் பார், குத்தினால் வாங்காதே. கழிக்குள்ளேயே தண்ணீர் ஓடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, மண் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும். லாரி கழுவும் முரட்டு பிரஷ்ஷை அருகில் சேர்க்காதே. எந்த பிரஷ்ஷானாலும் ஜெல்கோட் சுவருக்கு மட்டும்தான். கிளியர் கோட் உள்ள முன்பகுதிக்குக் கையுறை போதும், அங்கே கை எட்டும்.

ஓட்டுநர் தலைக்கு மேல் துருத்தி நிற்கும் நெற்றியில் பூச்சிகள் அடித்து ஒட்டிக் கிடக்கும். காய்ந்தபின் சுரண்டினால் பூச்சியோடு பெயின்ட்டும் போகும். ஈர மைக்ரோஃபைபர் துண்டை அதன்மேல் விரித்துப் பத்து நிமிடம் ஊறவிடு, தானாக இளகும். ஃப்ளோரிடா பக்கம் போனால் மே, செப்டம்பர் மாதங்களில் லவ்பக் என்ற பூச்சி கூட்டம் கூட்டமாக வரும். அதை அன்றன்றே கழுவிவிட வேண்டும். ஜன்னலோரம் வழிந்திருக்கும் கறுப்புக் கோடுகள் கூரையிலிருந்து வருபவை. அவற்றுக்கென்று தனித் திரவம் விற்கிறது. சுவரில் பென்சில் கறை போக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச்சால் தேய்த்தால் உடனே போகும், நம்பாதே. அது மிக நைசான உப்புத்தாள். தேய்த்த இடம் மங்கலாகத் தனியே தெரியும்.

கூரை ஜன்னல் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஷாம்புத் தண்ணீர் மட்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி திரவம் பட்டால் உள்ளுக்குள் நரம்பு நரம்பாக வெடிக்கும். ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்தால் இன்னும் கவனம், அங்கே பல வண்டிகளில் ஜன்னலே அக்ரிலிக்.

துடைப்பதில் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கொலராடோ ஆற்றிலிருந்தும் சால்ட், வெர்டே ஆறுகளிலிருந்தும் வரும் பீனிக்ஸ் தண்ணீர் கடினத் தண்ணீர். தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகப் படியும். இலை ஊதும் பிளோவரால் தண்ணீரை விரட்டு. தொடாமல் காய வைப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. மிச்சத்தைத் தடித்த மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடு. அந்தத் துண்டுகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதே. துணி மென்மையாக்கி ஊற்றாதே, இழை உறிஞ்சும் சக்தியை இழக்கும்.

முகாம்களில் வண்டி கழுவ அனுமதி இல்லாத இடங்கள் பல. அங்கே அலசத் தேவையில்லாத ஷாம்புவும் நிறைய துண்டுகளும் இருந்தால் லேசான தூசியை எடுத்துவிடலாம். ஹபூப் புழுதியில் மட்டும் அந்த முறை வேண்டாம். உருளை பிரஷ் சுற்றும் தானியங்கிக் கழுவுமிடத்துக்கும் போகாதே. முந்தைய வண்டியின் மண் அந்த பிரஷ்ஷில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் கழுவாமலே ஊர் வந்து சேரலாம். அழுக்கு ஒரு வாரம் இருந்தால் பெரிய நஷ்டமில்லை.

கூரையை முதலில் கழுவ வேண்டும், அங்கிருந்து வழியும் அழுக்கு சுவரில்தான் இறங்கும். அது தெரிந்தே கடைசியில் எழுதுகிறேன், இந்தப் பகுதியை நீ தாண்டிப் போய்விடக் கூடாது. கூரை ரப்பர் விரிப்பா என்று பார். இபிடிஎம் ரப்பராக இருந்தால் பெட்ரோலியம், ஆரஞ்சு எண்ணெய் கலந்த எந்தத் திரவமும் ஆகாது. சோப்பு பட்ட ரப்பர் மிகவும் வழுக்கும். பதினோரு பன்னிரண்டு அடி உயரம், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால் கூரையில் ஏறாதே. தரையில் உறுதியாக நிற்கும் ஏணியில் நின்று, நீண்ட கழியால் எட்டுகிற வரை கழுவு. பிறகு இறங்கி ஏணியை நகர்த்து. ஏணியைப் பிடிக்க மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். அவர் வேலைக்குப் போயிருந்தால் அன்றைக்குக் கூரை வேண்டாம், அவர் இருக்கிற நாளில் வைத்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா