நுண்ணலையால் தண்ணீரைச் சுத்தம் செய்யலாமா?

தம்பி தங்கைகளே, 2020 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீர் நின்று போனது ஞாபகம் இருக்கா? ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவின் நாற்றத்தால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. மண்ணை வடிகட்டலாம், கிருமியைக் குளோரினால் கொல்லலாம். நீரில் கரைந்த கரைப்பான், சாயம் போன்ற கரிமப் பொருள்கள் லேசில் போகாது.

அவற்றை உடைக்கும் ஒரு வழிதான் நுண்ணலை ஆக்ஸிஜனேற்றம். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. அதோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும் நீர் மூலக்கூறுகள் சூடாகின்றன. மாசின் பிணைப்பை நேராக உடைக்க அந்த அலைக்குச் சக்தி பத்தாது. ஆனால் பெர்சல்பேட் உப்பைச் சேர்த்தால், அது சூட்டில் பிளந்து சல்பேட் ரேடிக்கல் ஆகும். மாசைத் துண்டு துண்டாக்குவது அதுதான்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இதைச் செய்யவில்லை? கணக்குப் போடுவோம். 1,000 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க, இழப்பே இல்லாவிட்டாலும், சுமார் 58 யூனிட் மின்சாரம் வேண்டும். அதில் மாசு சில கிராம்தான் இருக்கலாம். செலவெல்லாம் தண்ணீரைச் சூடாக்கவே போய்விடும்!

அதனால் இன்னொரு வழி: முதலில் செயலூட்டிய கரியில் மாசை ஒட்ட வைத்து, பிறகு கரியை மட்டும் நுண்ணலையில் வைப்பது. கரி நுண்ணலையை நன்றாக உறிஞ்சிச் சீக்கிரம் சூடாகும்.

பயிற்சி: உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து, 58 யூனிட் எத்தனை நாள் செலவு என்று பாருங்கள். ஆற்றில் கழிவை ஊற்றாமல் இருப்பது எவ்வளவு மலிவு என்று புரியும்.