மாலை வகுப்புக்கு மானியம் கிடைக்குமா?

கேள்வி: தோட்டப் பிள்ளைகளுக்கு எங்கள் சங்கம் மாலை வகுப்பு நடத்துகிறது. அறக்கட்டளைகளிடம் நிதி கேட்பது எப்படி?
– வாசகி, கம்பளை

பதில்: தயங்காமல் கேளுங்கள். ஆனால் முதலில் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவுக்கென 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விவரங்களை உங்கள் பகுதிக்குரிய உடபலாத்த பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். யாப்பு, கூட்டக் குறிப்புகள், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, வரவு செலவு அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்து, பொருத்தமான அறக்கட்டளையைத் தேடுங்கள். 1999இல் கொல்லப்பட்ட சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் பெயரில் கொழும்பில் இயங்கும் அறக்கட்டளை உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் வழங்குகிறது. உங்கள் பணி அவர்களின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று எழுதுமுன் கேட்டறியுங்கள்.

விண்ணப்பத்தில் ‘பின்தங்கிய சமூகம்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறார்கள், ஒரு வருடத்தில் என்ன மாறும் என்று சொல்லுங்கள். ‘உபகரணங்கள்: 100,000 ரூபா’ என்ற ஒற்றை வரி சந்தேகத்தையே கிளப்பும். மேசை, கரும்பலகை, கொப்பி, ஆசிரியர் கொடுப்பனவு எனப் பிரித்து, கடைகளின் விலைக் கூறுகளையும் இணையுங்கள். பெற்றோர் தரும் இடமும் உழைப்பும் உங்கள் பங்களிப்புதான்; அதையும் கட்டாயம் எழுதுங்கள். நிராகரித்தால் காரணம் கேட்டு, திருத்தி, மறுபடி அனுப்புங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இது உரிமையோடு கேட்க வேண்டிய உதவி.