சொந்தத்தில் கல்யாணம், கலைந்த கரு, கணவரின் ரத்தத்தில் ஊசி

கேள்வி: எனக்கு 24 வயது. தாய்மாமனைக் கட்டியிருக்கிறேன், என் பாட்டிதான் எனக்கு மாமியார். வீட்டில் பட்டுத்தறி ஓட்டுகிறோம். இரண்டு முறை கரு தங்கி, எட்டாவது வாரத்திலும் பத்தாவது வாரத்திலும் கலைந்துவிட்டது. ‘ஒரே ரத்தம் என்பதால் உங்கள் எதிர்ப்பு சக்தி கருவை ஏற்கவில்லை, கணவரின் ரத்த வெள்ளணுக்களைப் பிரித்து உங்களுக்கு ஊசி போட வேண்டும்’ என்கிறார்கள் ஒரு தனியார் மருத்துவமனையில். நகையை அடகு வைத்துப் போட்டுக்கொள்ளலாமா? நான் தறி மிதித்ததும் காரணமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரிய காஞ்சிபுரம்

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். அந்த ஊசி உங்களுக்கு வேண்டாம்.

கருவில் பாதி தகப்பனுடையது. அடுத்தவர் சிறுநீரகத்தை உதறித் தள்ளுகிற உடம்பு, கருவை மட்டும் எப்படிச் சுமக்கிறது என்று 1953-ல் விஞ்ஞானி பீட்டர் மெடவார் கேட்டார். பின்னாளில் சிலர் சொன்ன விடை இது: கணவரின் அணுக்கள் வேறு என்று தாயின் உடம்பு தெரிந்துகொண்டால்தான் கருவுக்குக் காப்பு உண்டாகும், இருவருக்கும் ஒத்துப்போனால் உண்டாகாது. அப்படியானால் கணவரின் வெள்ளணுக்களைச் செலுத்தி உடம்புக்குத் தெரியப்படுத்தலாம் என்று இந்த ஊசி வந்தது.

அது சரியென்றால் மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற நம் ஊர்களில் கரு கலைவது கூடியிருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் உங்கள் பக்கத்து வட ஆற்காட்டில் ஆயிரக்கணக்கான கர்ப்பங்களைக் கணக்கெடுத்து 1977-ல் வெளியிட்டார்கள். சொந்தத்தில் மணந்தவர்களுக்குக் கரு கலைவது குறிப்பிடும்படி அதிகமில்லை. தங்களுக்குள்ளேயே மணந்துகொள்ளும் அமெரிக்காவின் ஹட்டரைட் சமூகத்தில் மரபியலாளர் கரோல் ஓபர், அணுப் பொருத்தம் கூடிய தம்பதியரிடம் இழப்பு ஓரளவு அதிகம் என்று கண்டார். ஆனால் அவரே முன்னின்று இந்த ஊசியைச் சோதித்து 1999-ல் தந்த முடிவைப் பாருங்கள்: ஊசி பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கும், வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கர்ப்பம் நிலைத்தது. ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்று 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் துக்கத்தில் இருக்கும் பெண்களிடம் இதை விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

தாயின் எதிர்ப்பு சக்தி கருவுக்குப் பகையில்லை. முதல் மாதங்களில் கருப்பையில் குவியும் வெள்ளணுக்களில் பெரும்பகுதி ‘என்.கே.’ அணுக்கள். அங்கே அவை செய்வது, கருப்பையின் ரத்தக் குழாய்கள் விரிந்து நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போக உதவுவது. கை ரத்தத்தில் அவற்றை எண்ணிப் பார்த்து ‘அதிகம்’ என்று மருந்து எழுதினால் சம்மதிக்காதீர்கள்.

எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே வழிதவறும் நிலை ஒன்று உண்டு: ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். உடம்பு தவறாக உண்டாக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தை உறையவைத்து, நஞ்சுக்கொடியையும் கெடுக்கும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். ஒன்று பாசிட்டிவ் என்றாலும் 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்துபோனாலும் இந்த ஆன்டிபாடிகள் தற்காலிகமாகத் தோன்றி மறையும். உறுதியானால் வைத்தியம் இருக்கிறது. 1997-ல் வெளியான லண்டன் ஆய்வில் குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. பரிசோதிக்காமல் நீங்களாக ஆஸ்பிரின் போடாதீர்கள்.

கூடவே தைராய்டு, சர்க்கரை, கருப்பை ஸ்கேன். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், கரு கலைந்தபோது ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று பழைய சீட்டில் பாருங்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போகலாம்.

சொந்தத்தில் மணந்ததைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். அது மரபணு சம்பந்தப்பட்டது. எதிர்ப்பு சக்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே இருவரும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். போலிக் அமிலம் இப்போதே தொடங்கலாம்.

தறி காரணமில்லை. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் தானே நிற்பவை. நீங்கள் மிதித்தாலும் படுத்திருந்தாலும் அவை நின்றிருக்கும். பாட்டியிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை நாள் தள்ளியதுமே மருத்துவரைப் பாருங்கள். ரத்தக் கசிவு கண்டால் அன்றே போங்கள். முன்பு கரு கலைந்தவர்களுக்கு அந்த நேரத்தில் புரோஜெஸ்டிரோன் மாத்திரை பலன் தரலாம்.